மாமன் மடிக்கு ரெண்டு ‘எல்’

“நீங்க ஒரு ஊர்ல பொறந்தீங்களா, ரெண்டு ஊர்ல பொறந்தீங்களா?”

பாஸ்போர்ட் ஆபீஸ் கவுண்டரில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரி இதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமான சந்தேகத்தோடுதான் கேட்டார்.

ஜம்புலிங்கம் கொஞ்சம் யோசித்தான். “ஒரே ஊர்லதான் சார். ஒரே தபாதான்.”

“அப்ப இது என்ன? ஆதார்ல மாமல்லபுரம். ஸ்கூல் டி.சி.யில மகாபலிபுரம். பேங்க் புக்குலயும் மகாபலிபுரம். ஓட்டர் கார்டுல மறுபடி மாமல்லபுரம், ஆனா ஒரு ‘எல்’லைக் காணோம். லைசென்ஸ்ல வெறும் எம்.புரம். எம்.புரம்னா எது? மாதவபுரமா, மங்கலபுரமா?”

“அல்லாமே ஒண்ணுதான் சார். கடல் ஒண்ணு, கோயில் ஒண்ணு, பஸ் ஸ்டாண்டு ஒண்ணு. பேருதான் கொஞ்சம் கும்பலா கீது.”

“கம்ப்யூட்டருக்குக் கடல், கோயில் எல்லாம் தெரியாது. எழுத்துதான் தெரியும். பொறந்த ஊர் பேர் எல்லாப் பேப்பர்லயும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு எழுத்து மாறாம கொண்டாங்க.”

ஜம்புலிங்கத்துக்கு வயது நாற்பத்தைந்து. மாமல்லபுரம் மீனவர் குப்பத்தில் ஃபைபர் படகு என்ஜின் மெக்கானிக். ஓடாத என்ஜினை அவன் பாதியில் விட்டுவிட்டு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஒருமுறை உப்புத் தண்ணீர் குடித்துச் செத்துப்போன என்ஜின் ஒன்றை, காலை நாஸ்தாவுக்கு முன்னால் ஆரம்பித்து, நானூற்றுப் பன்னிரண்டு முறை கயிறு இழுத்து உயிர்ப்பித்தான். நானூற்றுப் பன்னிரண்டாவது இழுப்பில் அது பயந்துபோய்த்தான் ஓடியது என்று குப்பத்தில் இன்றைக்கும் சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்டவனுக்குப் பாஸ்போர்ட் எதற்கு என்றால், காது குத்து.

சிங்கப்பூரில் இருக்கும் தங்கை ஷீலாவின் குழந்தை எழிலுக்கு அங்கே கோயிலில் காது குத்த நாள் குறித்தாகிவிட்டது. எட்டு வாரம் இருக்கிறது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஷீலாவுக்கு இருப்பது ஒரே அண்ணன். அவனிடம் இருப்பது ஒரே மடி.

“அண்ணா, உன்னால வர முடியலன்னா பரவால்ல,” என்று ஷீலா போனில் தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தாள். “எதிர் பிளாட்டுல பிரவின்குமார்னு ஒருத்தரு. படூர்க்காரரு, ரொம்பத் தங்கமானவரு. அவர் மடியில உக்கார வச்சிடலாம்னு இவரு சொல்றாரு.”

“எதிர் வூட்டுக்காரன் மடியா? என் மடிக்கி இன்னா கேடு? உன் வூட்டுக்காரனாண்ட சொல்லு, மடி பிளேன்ல வந்துகினு கீதுன்னு!”

சொல்லிவிட்டான். இப்போது மடி கவுண்டரிலேயே நிற்கிறது.

வீட்டுக்கு வந்து அதே கடுப்பில் காகிதங்களைத் தரையில் பரப்பினான். பக்கத்து வீட்டு வாசலில் மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்த பூவாயி எட்டிப் பார்த்தாள். அவனுடைய அப்பாவின் அக்கா. எழுபத்திரண்டு வயது. கரையில் அவள் மீன் விலை சொன்னால் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நிற்கிறவன் பேரம் பேசுவான், குரல் அப்படி.

“இன்னாடா ஜம்பு, ஊரு பேரா தகராறு? டேய், நீ பொறந்த ஊரு…”

“அத்தே, நீ சும்மா இரு. ஏற்கெனவே நாலு பேரு கீது. நீ வேற மாலிபுரம்னு அஞ்சாவதா ஒண்ணு சொல்லாத. இது இங்கிலீஷ் மேட்டரு.”

பூவாயி கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று ஊர் ஆபீஸுக்குப் போனான். அங்கிருந்தவர்கள் மனசார உதவினார்கள். மூன்று வருடத்துப் பிறப்புப் புத்தகங்களைப் புரட்டினார்கள். முருகன்கள் இருந்தார்கள், முனியம்மாக்கள் இருந்தார்கள். ஜம்புலிங்கத்தின் அப்பா பெயரிலோ அம்மா பெயரிலோ ஒரு குழந்தையும் இல்லை.

“கரையான் தின்னுட்டிருக்கும்,” என்றான் ஜம்புலிங்கம்.

“பக்கம் எல்லாம் முழுசா இருக்கே?”

“கரையானுக்குப் புடிச்ச பேரை மட்டும் தின்னிருக்கும் சார்,” என்று அவர்களைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தான்.

அடுத்த இழுப்பு, பஸ் ஸ்டாண்டு அருகே பிரதீபாவின் கம்ப்யூட்டர் சென்டர். ஊரில் பாதிப் பேருடைய அரசாங்க வாழ்க்கை அவள் விரல் நுனியில்தான் நடக்கிறது.

“அண்ணா, எண்ணிப் பாத்துடலாம்,” என்றாள் அவள். “மாமல்லபுரம் ரெண்டு ஓட்டு, மகாபலிபுரம் ரெண்டு ஓட்டு. எம்.புரம் செல்லாத ஓட்டு. என்ன பண்ணலாம்?”

“பள்ளிக்கூடத்துல போட்டதுதான்மா முதல்ல போட்டது. ஆதார மகாபலிபுரமா மாத்திடு.”

அவள் விண்ணப்பத்தை அடித்தாள். ஜம்புலிங்கம் திரைக்கு மூன்று அங்குலத்தில் மூக்கை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தான்.

“பிரதீபா, நடுவுல எதுக்கு இத்தினி ‘ஏ’?”

“அப்படித்தான்ணா எழுதுவாங்க.”

“நாலு ‘ஏ’ போட்டிருக்கம்மா. வாயில சொல்லிப் பாரு, மஹாப்லிபுரம். மூணுதான் வருது. ஒண்ண எடு. அப்பால அதுக்கும் அந்த பாஸ்போர்ட் ஆபீஸரு திட்டுவாரு.”

“அண்ணா, வேணாம்…”

“எடும்மா!”

எடுத்தாள். பத்து நாளில் ஆதார் திருத்தி வந்தது. அதில் இருந்த ஊர் மாமல்லபுரமும் இல்லை, மகாபலிபுரமும் இல்லை. மஹாப்லிபுரம். உலகத்திலேயே ஒரே ஒரு ஆள் வசிக்கிற ஊர்.

அவன் மனம் தளரவில்லை. இரண்டு பெயரும் ஒரே ஊர்தான் என்று படித்தவர் ஒருவர் கடிதம் கொடுத்தால் போயிற்று என்று தோன்றியது. தனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த தேவசகாயம் வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினான். ஓய்வுபெற்றுப் பதினாறு வருடமாகியும் தினமும் ஒரு பத்திரிகைக்காவது பிழை திருத்தித் தபாலில் அனுப்புகிற மனிதர்.

“மகாபலியா?” வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். “அந்த அசுரனுக்கும் இந்தக் கடற்கரைக்கும் என்னப்பா சம்பந்தம்? மல்லன் என்றால் மல்யுத்த வீரன். மாமல்லன் என்றால் பெரிய மல்லன். பல்லவ மன்னனின் பட்டப்பெயர். அவன் பெயரால் இது மாமல்லபுரம்.”

“சரி சார், அத மட்டும் ரெண்டு வரி…”

“இரு. அவனுக்கும் முந்தி இதற்கு மல்லை என்று பெயர். கடலை ஒட்டியதால் கடல்மல்லை. பெரிய துறைமுகம்! பிறகு வாய் வழியே தேய்ந்து மாவலிபுரம் ஆயிற்று. மாவலியைப் பிடித்து எவனோ மகாபலி ஆக்கிவிட்டான். கப்பலில் வந்த வெள்ளைக்காரன் ஏழு கோயில் என்று அவன் பாஷையில் ஒரு பெயர் வைத்தான். எல்லாவற்றையும் எழுத வேண்டாமா?”

“வேணாம் சார்.”

வாத்தியார் எழுதினார். நான்கு பக்கம். அடிக்குறிப்போடு. நம் ஊர் வழிகாட்டிகள், கேரளாக்காரர் வந்தால் மகாபலி என்பார்கள், தமிழாசிரியர் வந்தால் மாமல்லன் என்பார்கள், வெள்ளைக்காரர் வந்தால் ஏழு கோயில் என்பார்கள். வந்தவர் மனம் கோணாமல் அனுப்புவார்கள். வாத்தியாருக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

கவுண்டர் அதிகாரி நான்கு பக்கத்தையும் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“போன தடவ ரெண்டு ஊர்ல பொறந்தீங்க. இப்ப ஆறாயிடுச்சு.”

“சார், ஆதார் மாத்திட்டேன் சார்.”

அவர் ஆதாரைப் பார்த்தார். “ஏழு.”

ஐந்து வாரம்தான் பாக்கி. அன்று மாலை ஷீலா போன் செய்து, பிரவின்குமார் பட்டு வேட்டி எடுத்துவிட்டதாகச் சொன்னாள். ஜம்புலிங்கம் அந்த நிமிடமே போய் அதைவிட அகலச் சரிகையில் ஒன்று எடுத்துவந்தான். மடி ஒத்திகை வேறு தொடங்கினான். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக் காதைப் பிடித்துப் பார்ப்பான். மூன்றாம் நாள் அது அவனைக் கண்டாலே வேலி தாண்டியது.

“ஆட்ட வுடுடா,” என்றாள் பூவாயி. “ஊரு மேட்டரு முடிஞ்சிதா? நான் ஒண்ணு சொல்றேன், கேளு. உங்கம்மாக்காரி…”

“அத்தே, உன் கால்ல வுழறேன். இப்பத்திக்கி ஏழு ஊரு ஆயிப்போச்சி. ஒண்ணு ஒண்ணா கொறைக்கணும், நீ ஏத்தாத.”

செங்கல்பட்டில் வக்கீல் சியாமளாவிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினால் கதை முடிந்தது என்று பிரதீபா சொன்னாள். காலை பஸ்ஸைப் பிடித்தான். ஜன்னலோர சீட்டு. பஸ் திருக்கழுக்குன்றத்தில் பத்து நிமிடம் நின்றது. வேறு வேலை இல்லாததால் கடைப் பலகைகளில் இங்கிலீஷில் இருந்த ஊர்ப் பெயரைப் படிக்க ஆரம்பித்தான். இந்த ஒரு மாதத்தில் எழுத்து பார்ப்பது அவனுக்கு வியாதியாகிவிட்டது.

மெடிக்கல் கடையில் ‘ழு’வுக்கு ஒரு ‘எல்’. பக்கத்து பேக்கரியில் ‘இஸட்’டும் ‘ஹெச்’சும். எதிர்ப்பக்க லாட்ஜில் மூன்று ‘கே’, ‘குன்ற’த்தில் ‘டி’யே இல்லை. டயர் கடைக்காரன் பாதி வரை எழுதிவிட்டு, பலகையில் இடம் போதாமல் மூன்று புள்ளி வைத்திருந்தான். எண்ணிப் பார்த்ததில் பதினோரு கடை, பதினோரு விதமான எழுத்து.

ஜம்புலிங்கத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரரை இடித்தான். “பாவம்ணா. இந்த ஊர்ல பொறந்தவன்லாம் பாஸ்போர்ட் எடுக்கணும்னா இன்னா கதிக்கி ஆவான்?”

செங்கல்பட்டு வரையிலும் அவனுக்கு மனசு லேசாக இருந்தது. நம்மைவிடக் கஷ்டப்படுகிறவன் ஒருவன் இருக்கிறான் என்பதைப் போல ஆறுதல் உண்டா?

சியாமளா வக்கீல் நல்ல வேகக்காரர். பேசி முடிப்பதற்குள் பத்திரம் தயார். “மாமல்லபுரம் என்கிற மகாபலிபுரத்தில் பிறந்த ஜம்புலிங்கமாகிய நான்…” என்று ஆரம்பித்தது. மேஜையில் அவருடைய அப்பா காலத்துப் பழைய ரப்பர் ஸ்டாம்பு ஒன்று கிடந்தது. அதில் செங்கல்பட்டுக்குப் பதிலாக ‘சிங்கிள்புட்’ என்று இருந்தது.

“இந்த ஊரும் அப்பிடித்தானா மேடம்?”

“வெள்ளைக்காரன் வாயில போன ஊர் எதுவும் முழுசாத் திரும்பி வரலைங்க,” என்றார் சியாமளா. “சரியா இருக்கா, கையெழுத்துப் போடறீங்களா?”

“அல்லாம் சரிதான் மேடம். ஆனா என் பேரு கடைசியில வருதே. மொதல்ல வரட்டுமே, ஒரு மரியாதையா இருக்கும்.”

வக்கீல் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “உங்க இஷ்டம்,” என்று மாற்றிக் கொடுத்தார். பிரதீபா அதை வைத்து மறுபடியும் விண்ணப்பம் போட்டாள். அந்தப் படிவத்தில் ‘வேறு பெயர் ஏதேனும் உண்டா?’ என்று ஒரு கட்டம். பத்திரத்தைப் பார்த்தாள். ஜம்புலிங்கம், மாமல்லபுரம் என்கிற மகாபலி… என்று வரி அங்கே மடங்கி, மிச்சம் அடுத்த வரிக்குப் போயிருந்தது. கடையில் அன்றைக்குக் கூட்டம். அவள் அடுத்த வரியைப் படிக்கவில்லை.

நான்காம் நாள் போன் வந்தது.

“மகாபலியா?”

“ராங் நம்பர்.”

“போலீஸ் ஸ்டேஷன்லருந்து பேசறேன். ஜம்புலிங்கம் என்கிற மகாபலிதானே? உடனே ஸ்டேஷனுக்கு வா.”

ஸ்டேஷனில் கான்ஸ்டபிள் சாலமோன் அவனை மேலும் கீழுமாக அளந்தார். பக்கத்தில் ஒரு தடித்த பழைய கோப்பு தயாராக இருந்தது.

“என்கிறன்னு வச்சிருக்கியே, எத்தன கேஸு?”

“காதுகுத்து கேஸு ஒண்ணுதான் சார்.”

“யார் காத?”

“என் மருமவ காதத்தான் சார். சிங்கப்பூர்ல. நான் மடி மட்டும்தான் குடுக்கறேன், குத்தறது வேற ஆளு.”

சாலமோன் இண்டர்நேஷனல் கேஸ் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார். அவரை உட்கார வைத்து முழுக்கதையையும் சொல்லி முடிக்க இரண்டு டீ ஆயிற்று. கேட்டு முடித்ததும் மனிதர் மனசு இளகிப்போனார். அவரும் மூன்று பிள்ளைகளுக்குத் தாய்மாமன்.

“இந்த மகாபலிய முதல்ல தூக்கு. ஒரே பேரு, ஒரே எழுத்து. எல்லாப் பேப்பரையும் சரி பண்ணி மனு போடு. விசாரணைக்கு என்கிட்டதான் வரும். பக்கத்து வீட்டுல ஒரு சாட்சிக் கையெழுத்து, அவ்வளவுதான். அன்னிக்கே ஓகே போட்டு அனுப்பறேன்.”

அப்புறம் ஜம்புலிங்கம் செய்ததை ஒரு படையெடுப்பு என்றுதான் சொல்ல வேண்டும். மாமல்லபுரம், முதலில் ஒரு ‘எம்’, நடுவில் ரெண்டு ‘எல்’. இதுதான் முடிவு. ஆதாரை மாற்றினான். பேங்கில் போய் உட்கார்ந்தான். மானேஜர் சாப்பிடப் போனால் கூடவே போய் நின்றான். ஓட்டர் கார்டில் தொலைந்த ‘எல்’லை மீட்டான். எம்.புரத்தை விரித்தான். பள்ளிக்கூடத்துக்கு ஒன்பது நடை நடந்தான்; பத்தாவது நடையில் தலைமையாசிரியை, “இவரைப் பார்த்தா பிள்ளைங்க பாடம் கவனிக்க மாட்டேங்குது,” என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். யாரும் தவறிவிடக் கூடாதென்று தன் ஒர்க்‌ஷாப் ஷட்டரில் ஊர்ப் பெயரை ஆளுயரத்துக்கு இங்கிலீஷில் எழுதி, இரண்டு ‘எல்’லுக்கு மட்டும் சிவப்புப் பெயின்ட் அடித்தான். எந்த ஆபீஸ் வாசலிலும் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டியபடிதான் நுழைவான். கட்சிக்காரன் என்று நினைத்து இரண்டு இடங்களில் நாற்காலி போட்டார்கள்.

மனு ஏற்கப்பட்டது. கவுண்டர் அதிகாரி கடைசிக் காகிதம் வரை பார்த்துவிட்டு, எழுந்து கை குலுக்கினார்.

“ஒரே ஊர்ல பொறந்துட்டீங்க. வாழ்த்துகள்.”

காது குத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மச்சான் டிக்கெட்டே போட்டுவிட்டான்.

மறுநாள் காலை சாலமோன் குப்பத்துக்கு வந்தார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம், “ஜம்புலிங்கம் வீடு எது?” என்றார்.

“ஜம்புலிங்கமா?” ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஓ, ரெண்டெல்லு வூடா? அதோ, ஆட்டுக்குட்டி ஓடுது பாருங்க, அந்த வூடுதான்.”

“மறுபடியும் என்கிறவா?” என்று சாலமோன் முணுமுணுத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

ஜம்புலிங்கம் புதுப் பட்டு வேட்டியோடு நின்றிருந்தான். விசாரணைக்கு அது தேவையில்லை என்று மனைவி சொல்லியும் கேட்கவில்லை. சாலமோன் படிவத்தை முழங்காலில் வைத்து மளமளவென்று நிரப்பினார். பெயர் சரி. அப்பா பெயர் சரி. பிறந்த ஊர், மாமல்லபுரம். முதலில் ஒரு ‘எம்’, நடுவில் ரெண்டு ‘எல்’. விரலால் எண்ணிச் சரிபார்த்து ஒரு டிக் போட்டார்.

“அவ்ளோதான்யா. சாட்சிக்கு ஒருத்தர் சொல்லு. உன்ன ரொம்ப நாளாத் தெரிஞ்சவங்களா.”

ஜம்புலிங்கம் சந்தோஷத்தில் இரண்டு விரலைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வாசலைப் பார்த்துக் கத்தினான். “அத்தே! இப்ப வா! இப்ப நீ எவ்ளோ வேணா பேசலாம்!”

பூவாயி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“பெரியம்மா, இவர உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?”

“நல்லா கேட்ட போ. இவன் பொறக்க சொல்ல பக்கத்துல கையப் புடிச்சிகினு நின்னதே நான்தான்.”

“பொறந்ததே நேர்ல பார்த்த சாட்சி!” சாலமோன் உற்சாகமாகப் பேனாவைத் திறந்தார். “இதவிட என்ன வேணும்? அப்ப இவர் மாமல்லபுரத்துலதான் பொறந்தாரு, சரிதானே?”

“அதத்தான் சார் ரெண்டு மாசமா சொல்ல வரேன், இந்தப் பேமானி வாயத் தொறக்க வுட்டானா? உங்கம்மாக்காரிக்கி வலி எடுத்துச்சின்னு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கி பஸ்ஸுல இட்டுகினு போனோம்டா. அதுவரைக்கும் எங்க பொறுத்த? பாதி வழியிலயே பஸ் ஸ்டாண்டுல வண்டிய நிறுத்தி, சீட்டுக்குப் பொடவயக் கட்டி…”

ஜம்புலிங்கத்தின் தூக்கிய இரண்டு விரல்களும் மெதுவாக மடங்கின.

“எந்த பஸ் ஸ்டாண்டு பெரியம்மா?” என்றார் சாலமோன்.

“திருக்கழுக்குன்றம். உம், எழுதிக்க… இன்னா சார், பேனாவ மூடிக்கினே?”